ஜலதோஷத்தின் மூலம்

எங்கள் அலுவலகத்தில் ஜலதோஷம் என்ற சொல்லை யாரும் விடுப்புக் கடிதத்தில் எழுத மாட்டார்கள். சளி என்று எழுதலாம், மூக்கடைப்பு என்று எழுதலாம், கொஞ்சம் கற்பனை உள்ளவர்கள் காய்ச்சல் என்றும் எழுதலாம். ஜலதோஷம் கூடாது. ஏனென்றால் அது குடிநீர் அலுவலகம். ஜலத்தில் தோஷம் என்று ஒரு காகிதம் உள்ளே வந்துவிட்டால் அதற்கு எண் போட வேண்டும், கோப்பு திறக்க வேண்டும், ஆள் அனுப்ப வேண்டும். ஒரு குமாஸ்தா இது தெரியாமல் எழுதி மூன்று நாள் விடுப்புக் கேட்டார். விடுப்பு வரவில்லை. மூன்றாம் நாள் அவர் வீட்டுக் குழாயைச் சுவரோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்தார்கள். குழாய் நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பதாகச் சான்றிதழும் கொடுத்தார்கள். அதை அவர் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

நான் அங்கே முப்பத்தொரு வருடம் ஒழுகல் பிரிவில் இருந்தவன். மண்ணுக்கடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. பெயர்ப்பலகை எழுத வந்தவர் 'ஒழுகல்' என்பது பிழை என்று தானே முடிவு செய்து 'ஒழுக்கப் பிரிவு' என்று எழுதிவிட்டுப் போனார். அது பதினான்கு வருடம் அப்படியே இருந்தது. அத்தனை வருடமும் பக்கத்து அறைக்காரர்கள் எங்கள் வாசலைக் கடக்கும்போது சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொள்வார்கள்.

கருவி என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆள் உயர இரும்புக் கம்பி ஒன்று. அதன் ஒரு முனையில் மரக் கிண்ணம். கம்பியைத் தரையில் ஊன்றி, கிண்ணத்தில் காதை வைத்தால் அடியில் ஓடும் தண்ணீர் கேட்கும். நல்ல குழாயில் தண்ணீர் ஓடுவது பட்டுத்துணியை இழுப்பது போல இருக்கும். ஒழுகும் குழாய் யாரோ ரகசியம் சொல்வது போல உஸ்ஸென்று இருக்கும். ஆறடி ஆழத்தில் ஊசி முனை அளவு ஓட்டையை நான் கேட்டிருக்கிறேன். ஒரு முறை கடைத்தெருவில் காதை வைத்தபோது இரண்டு தெரு தள்ளி ஒரு மாமியாரும் மருமகளும் சண்டை போடுவது குழாய் வழியாக வந்தது. நியாயம் மருமகள் பக்கம் இருந்தது. போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒழுகும் இடம் தெரிந்ததும் தரையில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். மறுநாள் காலையில் தோண்டும் ஆட்கள் வந்து குறி இருக்கும் இடத்தில் நாலடி தோண்டுவார்கள். ஏன் எதற்கு என்று கேட்பது அவர்களுக்கு வழக்கமில்லை. பிள்ளைகள் விளையாடக் கிழித்த கோட்டில் தற்செயலாகப் பெருக்கல் குறி விழுந்துவிட்டதால் அங்கேயும் ஒரு தடவை நாலடி தோண்டியிருக்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜலதோஷம் பற்றி ஒரு மனு வந்தபோது என் மனைவி இறந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. இதை வருத்தமாகவோ பெருமையாகவோ சொல்லவில்லை. காலை மடித்து நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காதல்லவா, அப்படி. எழுந்தேன், குளித்தேன், வேலைக்குப் போனேன். மூக்கு அடைத்ததில் வாசனையும் போயிருந்தது. சாப்பாடு அட்டையைத் தின்பது போல இருந்தது. அட்டை என்றால் எந்த அட்டை என்றும் சொல்ல முடியாது.

அவளுக்கு வந்ததும் ஜலதோஷம்தான். எனக்குச் செவ்வாய்க்கிழமை தும்மல் ஆரம்பித்தது. அவளுக்கு வியாழக்கிழமை தொண்டை கட்டியது. சனிக்கிழமை மூச்சு இழுத்தது. திங்கள் ஆஸ்பத்திரி. புதன்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சில் இளைப்பு உண்டு.

என் தும்மலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது சாதாரணத் தும்மல் அல்ல. சுவரில் தொங்கும் நாள்காட்டியில் தாள் கிழியும். ஒரு முறை ஒரே தும்மலில் இரண்டு தாள் கிழிந்து, நான் வியாழக்கிழமையை வாழாமலேயே வெள்ளிக்கு வந்து சேர்ந்தேன். அலுவலகத்திலும் அன்று வரவில்லை என்றுதான் பதிவாயிருக்கிறது. நான் தும்மியதும் அவள் எந்த அறையில் இருந்தாலும் "நூறு" என்பாள். நூறு வயது இரு என்று அர்த்தம். இரண்டாவது தும்மலுக்கு "இருநூறு". எனக்கு வந்தால் ஏழு எட்டு வரிசையாக வரும். முப்பத்து மூன்று வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்குச் சேர்ந்த ஆயுளை ஒரு நாள் கூட்டிப் பார்த்தேன். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வருடத்துக்குக் குறையாது. அத்தனையும் அவள் சொன்னது.

நான் அவளுக்கு ஒரு தடவையும் சொன்னதில்லை. அவள் தும்மி நான் கேட்டதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே தும்முவாள். கொசு தும்மினால் கூட அதைவிடச் சத்தம் வரும்.

ஆகவே எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தது யார்? அவள் வேலை பார்த்தது குழந்தைகள் காப்பகத்தில். இருபத்தைந்து குழந்தைகள், ஐம்பது மூக்குத் துவாரங்கள், வருடத்தில் எந்த நாளும் அதில் பாதி ஒழுகிக்கொண்டிருக்கும். அங்கிருந்து அவளுக்கு வந்து, சத்தமில்லாமல் தும்மி, எனக்குக் கொடுத்திருக்கலாம். அல்லது நான் வெளியிலிருந்து கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்திருக்கலாம். முதலாவது என்றால் ஒரு மாதிரி. இரண்டாவது என்றால் வேறு மாதிரி. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றாலும் இந்தக் கேள்வி மட்டும் செருப்பில் மாட்டிய கல் மாதிரி கூடவே நடந்தது.

அப்போதுதான் மனு வந்தது. எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் சுகாதாரத் துறை, கீழே நாங்கள். மனு மேலே போக வேண்டியது. தபால் குமாஸ்தா 'ஜலதோஷம்' என்ற சொல்லைப் பார்த்ததும் மாடிப்படி வழியாகக் கீழே இறக்கிவிட்டார். எங்கள் புது இன்ஜினியர் மேடம் வேலைக்குச் சேர்ந்து அன்று எட்டாம் நாள். சுறுசுறுப்பானவர். என்னையும் வால்வுக்காரனையும் கூப்பிட்டு மனுவைப் படித்துக் காட்டினார்.

"'எங்கள் தெருவில் மூன்று வாரமாக வீட்டுக்கு வீடு ஜலதோஷம். தையல் மிஷினில் உட்கார முடியவில்லை. தக்க நடவடிக்கை எடுக்கவும்.' ஒரு டெய்லர் எழுதியிருக்கார். ஜலம்னா தண்ணி. தோஷம்னா குறை. சரிதானே?"

"சரிதான் மேடம்" என்றேன். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால் அதில் தவறில்லை.

"மூணு வாரமா ஒரு தெரு முழுக்கத் தண்ணி கெட்டுப் போயிருக்கு, நமக்கே தெரியலை. எங்கேயோ ஒழுகல், அது வழியா அழுக்கு உள்ள போகுது. போய் மூலத்தைக் கண்டுபிடிச்சு ரிப்போர்ட் குடுங்க."

ஆணையை எழுத்திலேயே போட்டுக் கொடுத்தார். 'ஜலதோஷத்தின் மூலத்தைக் கண்டறிந்து அறிக்கை அளிக்கவும்.' முத்திரையும் இருந்தது.

வெளியே வந்ததும் வால்வுக்காரன் அதை இரண்டு தடவை படித்தான். வால்வுக்காரன் என் கூட்டாளி. நான் ஒழுகலைக் கண்டுபிடித்தால் அவன் அந்தப் பகுதியின் வால்வை மூடுவான். பத்தொன்பது வருடமாக என்னை அண்ணே என்பவன். தொப்பை அவனுக்கு அரை நிமிடம் முன்னால் வந்து சேரும்.

"அண்ணே, ஜலதோஷம் ஒரு வியாதி, மூலம் ஒரு வியாதி. ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட தேடச் சொல்றாங்க."

"தேடுவோம்."

"இது மூக்கு ஒழுகுற ஜலதோஷம்ணே. மேல போக வேண்டிய லெட்டர்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போறோம்?"

"ஆர்டர் இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. அந்தத் தெரு என் தெரு. அவனுக்கும் அது தெரியும்.

முதலில் மேல்மாடி டாக்டரைப் பார்த்தோம். நாற்பது வயதிருக்கும். மேஜை மேல் துடைத்துப் போட்ட காகிதங்கள் மலர் தூவியது போலக் கிடந்தன. அவருக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மனுவைப் படித்துவிட்டு, "இது எனக்கு வர வேண்டியது" என்றார்.

"எடுத்துக்கறீங்களா?"

"வேணாம் சார், நீங்களே வச்சுக்கங்க. என்கிட்ட வந்தா நான் என்ன பண்ணுவேன்? ஓய்வெடுங்க, சூடாக் குடிங்க, கையைக் கழுவுங்கன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டுவேன். ரெண்டு மூணு வாரத்துல தானாப் போயிடும். நோட்டீஸாலதான் போச்சுன்னு நானும் எழுதிக்குவேன்."

"எதனால வருது டாக்டர்?"

"வைரஸ். கண்ணுக்குத் தெரியாத கிருமி. இருநூறு வகைக்கு மேல இருக்கு, ஒண்ணு போனா அடுத்தது."

"எங்க வீட்டுல ஈரத்தலைன்னு சொல்லுவா."

"ஈரத்தலை பாவம் சார், அது ஒண்ணும் பண்ணலை. மழையும் பண்ணலை. ஆளுங்க ஒரே அறையில அடைஞ்சு கிடக்கறதாலதான் மழைக்காலத்துல ஜாஸ்தி." அவர் தன் முகத்தையே படமாக வைத்துக் காட்டினார். "மூக்கு, நெத்திக்குள்ள இருக்கற பொந்து, தொண்டை, குரல்வளை. இதுவரைக்கும் மேல்மாடி. தும்மல், ஒழுகல், தொண்டை வலி, குரல் கட்டறது, தலை கனக்கறது எல்லாம் மேல்மாடிக் குடித்தனம். அதுக்குக் கீழ மூச்சுக்குழாய், நுரையீரல். அது கீழ்வீடு. பெரும்பாலும் இது மேல்மாடியிலேயே இருந்துட்டு, சளி பச்சையாகி மஞ்சளாகி, காலி பண்ணிட்டுப் போயிடும். அதுக்கு ஆன்டிபயாட்டிக் கூட வேண்டியதில்லை, குடுத்தாலும் இந்தக் கிருமிக்குக் காது கேக்காது."

"கீழ இறங்குமா?"

"சில பேருக்கு. இளைப்பு இருந்தா, வயசானா. படிக்கட்டுக் கதவு சரியா மூடாத வீடு மாதிரி."

வால்வுக்காரன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒருத்தர்கிட்டேருந்து வாங்கினா எத்தனை நாள்ல காட்டும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணு ரெண்டு நாள். மிஞ்சினா மூணு. தும்மறப்போ தெறிக்கறதுல வரும், அதைவிடக் கையில வரும். மூக்கைத் துடைச்ச கையால ஒண்ணைத் தொட்டு, அதை இன்னொருத்தர் தொட்டு, அவர் கண்ணையோ மூக்கையோ தேய்ச்சா முடிஞ்சுது." சொல்லிவிட்டு என்னுடன் கை குலுக்க நீட்டினார், நினைவு வந்து இழுத்துக்கொண்டார். "யார் கொண்டாந்தாங்கன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"ஆர்டர் இருக்கு" என்றேன்.

ஒழுகலைத் தேடும் முறை ஒன்றுதான். கடைசியில் எங்கே தெரிகிறதோ அங்கே ஆரம்பித்துப் பின்னால் நடப்பது. தையல்காரரிடம் ஆரம்பித்தோம். குரல்வளை வீங்கி அவருக்குக் குரல் போயிருந்தது. அளவெடுக்கும் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிசுகிசுப்பாகப் பேசினார். அது தொற்றிக்கொள்ள, நாங்களும் கிசுகிசுத்தோம். மூன்று பேரும் எதையோ திருடப் போகிறவர்கள் மாதிரி இருந்தது.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"நாலாம் தேதி."

"யார்கிட்டேருந்து?"

"பக்கத்து வீட்டு ரிடையர்டு போஸ்ட்மேன். ஜிப்பாவுக்கு அளவு குடுக்க வந்தார், என் கழுத்துலயே தும்மினார்."

"உங்களுக்கு வேற யார் மேலயாவது சந்தேகம் உண்டா?" என்று வால்வுக்காரன் கேட்டான். தையல்காரர் யோசித்துவிட்டுத் தன் மைத்துனர் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். அவர் வெளியூர். இருந்தாலும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

போஸ்ட்மேன் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குனிந்தால் கண்ணுக்கு மேலே கல் உருளுகிறது என்றார். ஒன்றாம் தேதி ஆரம்பித்தது. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"சொல்லுங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க வீட்டுக்குத் துக்கம் கேக்க வந்தேன். உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். நீங்க அழுதுக்கிட்டே இருந்தீங்க. எனக்கும் தாங்கலை, கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். உங்க கையை விட்டுட்டு அதே கையால."

அன்று நான் அழவில்லை. மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். உள்ளே ஒன்றும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும், மனுஷன் எப்படி உருகிப் போயிட்டான் பார், என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அதைத் திருத்த அது நேரமில்லை. நான் ஒரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அதே கையை வரிசையாக வந்தவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு வீடு போனோம். பதினோரு வீட்டிலும் அதே பதில். நேராகவோ, ஒரு கை மாறியோ, எல்லாம் ஒன்பதாம் எண் வீட்டில் வந்து நின்றது. ஒன்பது என் வீடு. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் நான் ஒன்று கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இரண்டு கை மட்டும் உள்ள ஆள் ஒரு தெருவையே படுக்க வைத்ததாகக் குடிநீர்த் துறை வரலாற்றில் வேறு பதிவு இல்லை.

"தெரு விஷயம் முடிஞ்சுது" என்றேன். "இனிமே வீட்டுக்குள்ள."

"வேணாம்ணே. ஒன்பதாம் நம்பர்னு எழுதி முடிச்சுருவோம்."

"ஒன்பதுக்கு எங்கேருந்து வந்துது?"

"குழந்தைங்க காப்பகம்தான். வேற எங்க? அங்கேதான் மூக்கு மூக்கா இருக்கே."

அவன் வேகமாகச் சொன்னான். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இருவரும் காப்பகத்துக்குப் போனோம்.

காப்பகத்து டீச்சர் எங்களைக் குட்டி நாற்காலிகளில் உட்கார வைத்தார். வால்வுக்காரன் உட்கார்ந்தது வெளியே தெரியவில்லை, நாற்காலி காணாமல் போயிற்று. புதுச் சுண்ணாம்பு சுவரெல்லாம் வெள்ளையாக இருந்தது. அதற்கு வாசனை இருந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை.

"அந்த வாரம் இங்க எத்தனை குழந்தைக்குச் சளி டீச்சர்? எங்க வீட்டுல படுத்த வாரம்."

டீச்சர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அந்த வாரம் இங்க யாருமே இல்லையே சார். வெள்ளையடிக்கறதுக்காகப் பத்து நாள் மூடியிருந்தோம். முந்தின வியாழக்கிழமையே பூட்டியாச்சு. அக்கா சந்தோஷமாப் போனாங்க. வீட்டை விட்டு நகர மாட்டேன், பரணைக் காலி பண்ணப் போறேன்னு சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களே."

"சொல்லியிருப்பா" என்றேன்.

நான் காலை ஆறு மணிக்குக் கிளம்பி இருட்டிய பிறகு வருகிறவன். அவள் சொல்லியிருப்பாள். என் காது கம்பியின் முனையில் இருந்திருக்கும்.

நேரே வீட்டுக்குப் போய் முக்காலியைப் போட்டு ஏறிப் பரணைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. முப்பது வருடக் குப்பை ஒன்று கூட இல்லை. பழைய செய்தித்தாள் விரித்து, நாலு மூலையிலும் தூசி துடைத்து, பெரிய அண்டா ஒன்றை மட்டும் கவிழ்த்து வைத்திருந்தாள். அவள் பரணிலிருந்து இறங்கி ஒரு மாதம் ஆகப் போகிறது. தலைக்கு மேலே இருந்தது, நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாசலுக்கு வந்தேன். வால்வுக்காரன் தெருவில் நின்றுகொண்டிருந்தான். அவள் எங்கும் போகவில்லை. வீட்டுக்குள் வந்து போனது நான் ஒருவன். செவ்வாய்க்கிழமை நான், வியாழக்கிழமை அவள். டாக்டர் சொன்ன நாள் கணக்கு சரியாக இருந்தது. கண்டுபிடித்தாயிற்று.

பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தேன். முப்பத்தொரு வருடப் பழக்கம், கை தானாகச் செய்தது. குனிந்து என் வீட்டு வாசற்படிக்கு முன்னால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். கோடுகள் நேராக வந்தன.

"வீட்டுக்குப் போ" என்றேன் வால்வுக்காரனிடம்.

அவன் போகவில்லை. கொஞ்சநேரம் குறியையே பார்த்துக்கொண்டு நின்று, பிறகு போனான்.

மறுநாள் காலையில் மண்வெட்டிச் சத்தத்தில் எழுந்தேன். தோண்டும் ஆட்கள் வந்து, என் வாசலில் இரண்டடி தோண்டியிருந்தார்கள். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஏன் குறி போட்டீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பல்லைத் துலக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தேன். மூன்றடியில் மண் ஈரமாயிற்று. நாலடியில் சேறு. பழைய இரும்புக் குழாயில், இரண்டு துண்டும் சேரும் இணைப்பில், ஒரு நூல் தடிமனுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. துருவைப் பார்த்தால் ஏழெட்டு வருட ஒழுகல்.

அதாவது நகரத்தில் உள்ள அத்தனை ஒழுகலையும் ஆறடி ஆழத்தில் கேட்ட காது, ஏழெட்டு வருடம் இதன் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போயிருக்கிறது.

இன்ஜினியர் மேடத்துக்குத் தகவல் போய் அவரே ஜீப்பில் வந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"நான் சொன்னேன்ல? ஜலத்துல தோஷம்."

"ஆமாம் மேடம்."

"ரிப்போர்ட்ல மூலம்னு தெளிவாப் போட்டுடுங்க."

போட்டேன். மூலம்: ஒன்பதாம் எண் வீடு. காரணம்: பழைய இணைப்பு. குழாயை மாற்றிய வாரமே தெருவில் எல்லோருக்கும் மூக்கு சரியாகிவிட்டது. அது எப்படியும் சரியாகியிருக்கும். மேடத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. மேல்மாடி டாக்டர் அதன் நகலை வாங்கித் தன் நோட்டீஸுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். தையல்காரர், குரல் திரும்பியதும், எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். அதெல்லாம் பிறகு.

அன்று காலை மேடம் போன பிறகு ஆட்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். பள்ளத்துக்குள் வால்வுக்காரன் இடுப்பளவு இறங்கி நின்றான். குழாயை அறுக்கும் முன்னால் பக்கத்திலிருந்த தெரு வால்வை மூட வேண்டும். திருப்பிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"அண்ணே. அந்த ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்ட்ல மெயின் உடைஞ்சுது, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க செவ்வாய்க்கிழமை தும்முனீங்க. எனக்கு அதுக்கு முன்னாடியே. ஞாயித்துக்கிழமையே. தூசின்னு சொன்னேன். லீவு போட்டா நீங்க தனியா ஆயிடுவீங்கன்னு வந்தேன். மூக்கைத் துடைச்சுத் துடைச்சு உங்ககிட்ட கம்பியைக் குடுத்தேன். நாள் பூராவும் கம்பி கை மாறுச்சு." அவன் வால்வை இன்னொரு சுற்றுத் திருப்பினான். "டாக்டர் கையைப் பத்திச் சொன்னாரே, அப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு. ஒன்பதாம் நம்பரோட நிறுத்துங்கன்னு அதுக்குத்தான் சொன்னேன். நீங்கதான்னு நீங்களே குறி போட்டுக்கிட்டப்ப என்னால வீட்டுக்குப் போக முடியலை. தெரு முனையிலயே நின்னுக்கிட்டு இருந்தேன்."

நான் பள்ளத்தின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். ஒழுகும் தண்ணீர் என் கால் விரலில் பட்டது. குளிர்ச்சியாக இருந்தது. குளிர்ச்சி என்று தெரிந்தது.

அவனுக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கலாம். அவன் மனைவியோ, பஸ் கண்டக்டரோ, யாரோ. அவருக்கும் ஒருவர் கொடுத்திருப்பார். பின்னால் நடந்துகொண்டே போனால் ஊரைத் தாண்டிப் போகும். அந்த அளவுக்கு ஆணையில் எழுதியிருக்கவில்லை.

"ஏதாவது சொல்லுங்கண்ணே" என்றான். "திட்டுங்க."

அவன் முகத்தைச் சுளித்தான், கண்ணை மூடினான், வாயைத் திறந்தான். அழப் போகிறான் என்று நினைத்தேன். தும்மினான். சேறு நாலாபுறமும் தெறித்தது.

தெரு அமைதியாக இருந்தது. தும்மலுக்குப் பிறகு ஒரு இடைவெளி வரும், தெரியுமல்லவா. இருபத்து நாலு நாளாக என் வீட்டில் அந்த இடைவெளியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் தும்மிவிட்டு, அடுத்த அறையைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிமிடம் நின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொள்வேன்.

"நூறு" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மறுபடியும் தும்மினான்.

"இருநூறு."

அவனுக்கும் வரிசையாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பத்தொன்பது வருடம் பக்கத்தில் நின்றிருக்கிறேன். நாலாவது தும்மலில் நாக்கு கொஞ்சம் தடுமாறியது, ஆனாலும் சொன்னேன். அவன் சேற்றுக் கையின் பின்பக்கத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நானூறு வருஷம் நான் என்னண்ணே பண்றது?"

"முதல்ல அந்த வால்வை மூடு" என்றேன்.